பிரேக் பிடிக்கத் தெரிந்தவன்

ரேஸ் என்றால் ஆக்ஸிலேட்டர் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ரேஸ் என்பது பிரேக். நேர் ரோட்டில் யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம். கார் கொடுத்தால் என் மாமியார்கூட மிதிப்பார். எதிரே வளைவு வரும்போது மற்றவர்கள் காலை பிரேக்குக்கு மாற்றிய பிறகும் இன்னும் பத்து மீட்டர் பொறுத்து, அப்புறம் சரியாக மாற்றுகிறவன்தான் ஜெயிக்கிறான். பதினைந்து மீட்டர் பொறுத்தவன் சுவரில் இருப்பான்.

இந்த ஞானம் எனக்குக் கிடைத்தது 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1, சனி ஞாயிறில். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, ராத்திரி நேரத்தில் ஃபார்முலா 4 கார் பந்தயம். கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று, நாம் தினமும் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்து போகிற அதே ரோடுகளை மடக்கி 3.5 கிலோமீட்டர், 19 வளைவுகள். உண்மையில் இது 2023 டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து ஊரே படகில் போய்க்கொண்டிருந்ததால் தள்ளிப் போட்டார்கள். நடுவில் கோர்ட்டுக்கும் போனது. 'பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றனவே, ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்?' என்ற கேள்வி நியாயமானதுதான். நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது.

ஃபார்முலா 4 என்பது ஒற்றை ஸீட், கூரையில்லாத கார். கோ-கார்ட் ஓட்டிப் பழகிய பையன்கள் அடுத்து ஏறுகிற படி. இதற்கு மேல் மூன்று, இரண்டு, உச்சியில் ஒன்று. 15 வயசு ஆகியிருந்தால் போதும். அந்த வயசில் நமக்கு அப்பாவின் சைக்கிளே கிடைக்காது. இவர்களுக்குச் சுமார் 180 குதிரைச் சக்தியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

எனக்கு ரேஸ் பைத்தியம் கிடையாது. கூட்டிப் போனது எங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. பேர் வேண்டாம், எல்லோரும் ஷூமாக்கர் என்றுதான் கூப்பிடுவோம். கவரைப்பேட்டையிலிருந்து கம்பெனி கேட்டுக்கு பைக்கில் ஏழு நிமிஷத்தில் வருவான். அதில் அவனுக்குப் பெருமை. அவன் அம்மாவுக்கு பி.பி.

சனிக்கிழமை எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்து சென்ட்ரலில் இறங்கி நடந்தோம். வழியெல்லாம் நான் என் பங்குக்குப் பழம்பெருமை பேசிக்கொண்டு போனேன். "தம்பி, ரேஸ் நமக்கொண்ணும் புதுசு இல்லை. நம்ம ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றம் தாண்டினா சோழவரம் வருதே, அங்கே இரண்டாவது உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருஷக்கணக்கா அதில்தான் ரேஸ் நடத்தினாங்க. இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததெல்லாம் அப்புறம்தான்."

"ஏரோப்ளேன் ஓட்டற ரோடா சார்? அப்ப பள்ளமே இருந்திருக்காதே!" என்றான், ஏக்கத்தோடு. அவன் கவலை அவனுக்கு.

கோயமுத்தூர் கரிவர்தன் கதையையும் சொன்னேன். வெளிநாட்டு ரேஸ் கார் வாங்க வசதியில்லாத இந்தியப் பையன்களுக்காக, சாதாரண மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஒற்றை ஸீட் கார் வடிவமைத்தவர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் கொடுத்த அந்த ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்தவர்தான் அதே ஊர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

நாங்கள் போய் உட்கார்ந்தோம். ரேஸ் மட்டும் வரவில்லை. மதியம் ஆரம்பிக்க வேண்டியது, சாயங்காலம் ஆகியும் காணோம். முந்தின ராத்திரி மழை. சர்வதேச மோட்டார் சம்மேளனத்துக்காரர்கள் டிராக்கைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் ஒரு சக்கரம் உருளலாம்.

ஷூமாக்கர் பொறுமையிழந்தான். "இன்னா சார் இது, இவ்ளோ நேரமா ரோட்டையே பாத்துக்கிட்டிருக்காங்க?"

"நம்ம பக்கம் ரோடு போட்டவங்க திரும்பிப் பார்க்கறதே இல்லையே, அதனால உனக்கு வித்தியாசமா இருக்கு" என்றேன்.

இருட்டிய பிறகுதான் பயிற்சி ஓட்டம் தொடங்கியது. ராட்சச விளக்குகளுக்கு அடியில் கார்கள் சீறின. காதைப் பொத்திக்கொண்டேன். ஆனால் வேகத்தைவிட என்னை அசத்தியது வேறு. அந்தப் பையனைச் சுற்றி எத்தனை காவல்! தீப்பிடிக்காத உடுப்பு, உள்ளாடைகூட அப்படித்தான். கழுத்து ஒடியாமல் இருக்க ஹெல்மெட்டோடு இணைத்த பட்டை. தலைக்கு மேல் 'ஹேலோ' என்று ஒரு வளையம். கார்பன் ஃபைபர் கூடு. ரோட்டோரம் கான்கிரீட் சுவர், அதன் மேல் கம்பி வலை. கொடியோடு மார்ஷல்கள். மஞ்சள் கொடி ஆடினால் முன்னே ஆபத்து. வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே. சிவப்பு என்றால் அத்தனை பேரும் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். 2011-ல் கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்திய ஃபார்முலா 1 பந்தயம். பயிற்சியின்போது ஒரு தெருநாய் டிராக்குக்குள் வந்துவிட்டது. சிவப்புக் கொடி! கோடிக்கணக்கில் விலை பெறும் கார்களெல்லாம் ஒரு நாய்க்காக நின்றன.

இதைச் சொன்னதும் ஷூமாக்கர் பேச்சை நிறுத்திவிட்டான். ஏன் என்று எனக்குத் தெரியும்.

அவனோடு அதே மெஷினில் நின்ற பையன் ஒருத்தன். நைட் ஷிஃப்ட் முடிந்து போகும்போது, தச்சூர் கூட்டு ரோட்டில் இண்டிகேட்டர் போடாமல் ஒரு லாரி திரும்பியது. பையனிடம் ஹெல்மெட் இருந்தது. பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்திருந்தார்கள்.

"பதினஞ்சு வயசுப் பையனை எப்படிப் பாத்துக்கறாங்க, இல்ல சார்?" என்றான் கொஞ்ச நேரம் கழித்து. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நிஜ ரேஸ். ஃபார்முலா 4-ல் முதல் பந்தயத்தை ஆஸ்திரேலியாவின் ஹ்யூ பார்ட்டர் ஜெயித்தார். இரண்டாவதைக் கேரளத்துப் பையன் தில்ஜித். கூட்டம் விசிலடித்தது. ஷூமாக்கர் விசிலடிக்கவில்லை. வளைவுக்கு வளைவு, யார் எங்கே வேகத்தைக் குறைக்கிறார்கள் என்று விரல் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இளைஞர்களுக்கு வேகம் வேண்டாம் என்று நான் உபதேசம் பண்ண வரவில்லை. பண்ணினாலும் கேட்க மாட்டீர்கள். வேகத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்கிறேன். எதிரே லாரி வராத, குறுக்கே மாடு வராத, விழுந்தால் ஓடிவந்து தூக்க ஆள் நிற்கிற இடம். சோழவரத்தில் ஒரு காலத்தில் அது இருந்தது. அது இல்லாத ஊரில் ஜி.என்.டி. ரோடுதான் டிராக் ஆகிறது.

திங்கட்கிழமை காலை ஷூமாக்கர் கம்பெனி கேட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷத்தில் வந்தான். செக்யூரிட்டிக்காரர் பதறிப்போய், "என்னப்பா, பஞ்சரா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, மஞ்சள் கொடி" என்றான், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே.

அவருக்குப் புரியவில்லை. ரெஜிஸ்டரில் 'வண்டி ரிப்பேர்' என்று எழுதிக்கொண்டார்.