ஒரு விடை, இரண்டு வாசகர்கள்

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளில் ஒருவராவது ஒயிட்ஃபீல்டுக்கோ எலக்ட்ரானிக் சிட்டிக்கோ பஸ் பிடிக்கிறவர்தாம். அங்கே என்ன வேலை என்று கேட்டால் "சாப்ட்வேர்" என்பதோடு பதில் நின்றுவிடும். அந்த வேலையின் ஒரு சிறு மூலையைப் பற்றி, இருபது வருடங்களுக்கு மேல் அதில் இருந்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். விஷயம் சின்னதுதான், ஆனால் நம் மொழிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

படமும் பொத்தானும் இல்லாமல், கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டெழுதி விடை பெறும் முறையைக் கட்டளை வரி என்பார்கள். பழங்கதை என்று நினைக்க வேண்டாம். பெரிய சர்வர்களைப் பராமரிக்கிறவர்கள் இன்றும் அதில்தான் உழைக்கிறார்கள். அங்கே வரும் விடையை இரண்டு பேர் படிக்கிறார்கள். ஒருவர் எதிரே அமர்ந்திருக்கும் மனிதர். மற்றவர் இன்னொரு நிரல். 1973-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸுக்கு 'பைப்' என்ற வசதி வந்தது. ஒரு நிரலின் விடையை அடுத்த நிரலுக்குள் நேரே செலுத்தும் குழாய் அது. அந்த யோசனையைச் சொன்னவர் டக் மெக்கில்ராய். எந்த விடையும் நாளை வேறொரு நிரலுக்குத் தீனியாகும், ஆகவே வேண்டாத விவரங்களை அதில் கலக்காதீர்கள் என்ற கருத்தை அவர் 1978-இல் எழுதினார்.

சொன்னது சரி, நடந்தது வேறு. மனிதனுக்குத் தலைப்பு வேண்டும், வண்ணம் வேண்டும், பத்திகள் நேராக நிற்க வேண்டும். இவற்றுக்கு நடுவிலிருந்து எண்ணைப் பொறுக்குவது நிரலின் தலைவிதி. நான் முன்பு பணியாற்றிய ஒரு கம்பெனியில், வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் 'டி.எஃப்.' கட்டளையின் விடையை இரவுதோறும் ஒரு நிரல் படிக்கும். ஐந்தாம் பத்தியில் உள்ள சதவீதம் கூடினால் எச்சரிக்கும். ஒரு நாள் புதிதாக இணைத்த வட்டின் பெயர் நீளமாக அமைந்துவிட்டது. பெயர் ஒரு வரியிலும் எண்கள் மறு வரியிலுமாக மடிந்து விழுந்தன. கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. நிரலுக்கோ ஐந்தாம் பத்தியில் சதவீதமே இல்லை. அது வாயைத் திறக்கவில்லை. வட்டு நிரம்பி, விடியற்காலை மூன்று மணிக்குத் தொலைபேசி அலறியது. வரியை மடிக்காமல் தர அதே கட்டளையில் 'பி' என்றொரு விருப்பக் குறி உண்டு. அதை எழுதிய இளைஞருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்.எஸ்.' கொஞ்சம் கெட்டிக்காரக் கட்டளை. திரைக்குப் போகும்போது பல பத்திகள். குழாய்க்குள் போகும்போது வரிக்கு ஒரு பெயர். வீட்டில் தமிழும் காய்கறிக் கடையில் கன்னடமும் நாம் பேசுவது மாதிரி, ஆளைப் பார்த்துப் பேசுகிறது. ஆனாலும் ஊகம் போதாது என்பதே என் கட்சி. 'கிட்' என்ற கருவியில் 'போர்சலின்' என்று சேர்த்துக் கேட்டால், பதிப்பு மாறினாலும் வடிவம் மாறாத விடை கிடைக்கும். அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஜூனிப்பர் நிறுவனத்தில் பிறந்து, 2016-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 11-இலும் இடம்பெற்ற 'லிப்எக்ஸ்ஓ' என்ற நூலகம் இன்னும் ஒரு படி மேல். நிரலர் ஒரு முறை எழுதினால் போதும். மனிதருக்கு உரையாகவும், நிரலுக்கு எக்ஸ்எம்எல் அல்லது ஜேசானாகவும் அதுவே பிரித்துத் தரும்.

இதில் தமிழ் எங்கே வருகிறது? திரைச் செய்திகளைத் தமிழில் தரலாமே என்று நான் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: "வேண்டாம் சார், ஸ்கிரிப்ட் எல்லாம் உடைந்துவிடும்." ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பிடிக்கும் நிரல்கள் பின்னால் வரிசையாக நிற்கின்றனவாம். அதாவது, இயந்திரத்துக்குத் தனி விடை கொடுக்காத சோம்பலால் மனிதன் தன் மொழியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கன்னட நண்பர்களுக்கும் இதே கதிதான்.

பத்திகளும் கோணுகின்றன. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டு. பத்து இடம் ஒதுக்கு என்று பைட்டுக் கணக்கில் சொன்னால், இடைவெளியே விடாமல் அடுத்த பத்தி வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அட்டவணையைப் பார்த்து, தமிழுக்குக் கட்டளை வரி ஒத்துவராது என்று தீர்ப்புச் சொல்வார்கள்! கோணல் கணக்கில் இருக்கிறது, எழுத்தில் இல்லை.

இரண்டு வடிவம் என்றால் இரட்டை வேலை அல்லவா என்று கேட்பார்கள். கொஞ்சம் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஒரு முறை வாக்குக் கொடுத்த வடிவத்தை வருடக்கணக்கில் காப்பாற்றவும் வேண்டும். ஆனால் மனிதர் படிப்பதை மாற்ற அதன் பிறகு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியிலோ திருப்பத்தூரிலோ தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வரும் பையன், முதல் மாதம் அந்தக் கறுப்புத் திரையில் "வட்டில் இடம் இல்லை" என்று தமிழிலேயே படிக்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளை கருவி எழுதுகிறவராக இருந்தால், அதில் ஜேசான் விடைக்குத் தனி வழி வைத்திருக்கிறாரா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள்.