பேய் இல்ல மக்கா, அது பயாஸ்!

கார்த்திகை மழை. சாயங்காலம் போன கரண்ட் நடுராத்திரி ரெண்டு மணிக்கு வருது. ஃபேன் சுத்துது, ஃப்ரிட்ஜ் உறுமுது... கூடவே மூலையில இருக்கிற கம்ப்யூட்டரும் தானா ஆன் ஆகுது! அது நீங்களே அசெம்பிள் பண்ணின சிஸ்டம்னா, "அன்னைக்கே சொன்னேம்லா, கம்பெனி மிஷின் வாங்குலேன்னு" என்று அப்பாவின் அர்ச்சனை வேற.

விஷயம் சிம்பிள். அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல சுவிட்சை அமுக்கினா கரண்ட் நிஜமாவே கட் ஆகும். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறையில, முன்னாடி இருக்கிற பட்டன் வெறும் காலிங் பெல்தான். பிளக்கில் கரண்ட் இருக்கிறவரை மதர்போர்டில் 5 வோல்ட் எப்பவும் ஓடும். யார் பெல் அடிச்சாலும் சிஸ்டம் எழுந்துக்கும். கீபோர்டு, மவுஸ், லேன் கேபிள்கூட அடிக்கலாம்.

கரண்ட் வந்ததும் தானா எழுந்தா, பயாஸ்ல 'ஏ.சி. பவர் லாஸ்' என்று முடியும் ஆப்ஷனைத் தேடி 'ஆஃப்' கொடுங்க. மழைக்காலத்துல இது முக்கியம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடிச்சப்ப, குமரி மாவட்டத்துல பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டுல கிடந்தது நினைவிருக்கா? லைன் சரியாகிற நேரத்துல கரண்ட் வந்து வந்து போகும். ஒவ்வொரு தடவையும் சிஸ்டம் எழுந்து விழுந்தா, உங்க ப்ராஜெக்ட் இருக்கிற ஹார்ட் டிஸ்க் என்னாகும்?

அடுத்த கேஸ். ஆன் ஆகி நாலஞ்சு செகண்ட்ல அணையுதா? மதர்போர்டை சந்தேகப்படாதீங்க. பட்டனை நாலு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா அணையணும் என்பது விதி. பட்டன் உள்ளேயே சிக்கிக்கிட்டாலும் அதேதான் நடக்கும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காத்துல மலிவு கேபினெட் பட்டன் துருப்பிடிக்க ரொம்ப நாள் ஆகாது. மதர்போர்டில் அந்தப் பட்டனோட ரெண்டு வயர் கனெக்டரைக் கழட்டுங்க. அந்த ரெண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால ஒரு நொடி தொட்டு எடுங்க. சிஸ்டம் ஒழுங்கா ஓடினா, குற்றவாளி பட்டன்தான். ஆயிரக்கணக்குல மிச்சம்!

ஆன் ஆன உடனே 'டப்'னு செத்தா, போர்டுக்கு அடியில தேவையில்லாத பித்தளை ஸ்க்ரூ ஏதாவது இடிக்குதான்னு பாருங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு, போர்டை வெளியே எடுத்து அட்டை மேல வெச்சு, ஒரே ஒரு ரேமோட ஓட்டிப் பாருங்க.

கடைசி கேஸ்தான் சீரியஸ். கேபினெட்டைத் தொட்டா 'சுர்ர்'ங்குதா? வீட்டுல எர்த் சரியில்லை என்று அர்த்தம். எர்த் இல்லேன்னா எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கிற ஃபில்டர் வழியா 230 வோல்ட்டில் பாதி அளவு கேபினெட்டுக்கு வந்துடும். அந்தக் கரண்ட் ரொம்பக் குறைவுதான். ஆனா, என்னைக்காவது உள்ளே நிஜமாவே ஷார்ட் ஆனா, உங்களைக் காப்பாத்த எதுவும் இருக்காது. ரெண்டு பின் அடாப்டர், உடைச்ச மூணாவது பின்... வேண்டவே வேண்டாம். முதல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் போடுங்க.

இன்னொண்ணு, எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீங்க. உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். கெட்டுப்போனா முழுசா மாத்துங்க.

ஆக, செக்கிங் வரிசை இதுதான்: பிளக், எர்த், பட்டன், பயாஸ். மதர்போர்டு மேல பழி போடறது கடைசியா. பர்ஸும் பத்திரம், உயிரும் பத்திரம்!