அறிவித்தல் மட்டும் போதுமா?

பொதுப் பணத்தின் துணைகொண்டு எழுந்த குடியிருப்பை, உடைமையாளர் தாம் நினைத்த நாளில் விற்றுவிடலாமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலமாக எழுந்துவரும் இக்கேள்வி, ஏழைக்கு வீடு வேண்டும் என்போர் அனைவரும் சிந்திக்கத்தக்கது.

1960களில் அந்நாட்டு மத்திய அரசு, குறைந்த வருவாயினருக்கு மாடிக் குடியிருப்புகள் கட்ட முன்வந்த தனியாருக்குக் குறைந்த வட்டியிற் கடன் கிடைக்கச் செய்தது. கடன் 40 ஆண்டுகளுக்குரியது; அதுவரை வாடகைக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆயினும் 20 ஆண்டுகள் கழிந்தபின் கடனை முன்கூட்டியே தீர்த்துக் கட்டுப்பாட்டினின்றும் விடுபடப் பல உடைமையாளருக்கு உரிமை இருந்தது. அந்நாள் நெருங்கவே, 1987இலும் 1990இலும் சட்டமியற்றி அவ்வுரிமைக்கு அணையிட்டது காங்கிரஸ். 1996இல் அவ்வணையை அதுவே தளர்த்தியது. பின்னர் எஞ்சிய பாதுகாப்புகளுள் முக்கியமானது அறிவித்தல்: கடனைத் தீர்ப்பதற்கு 150 நாட்களுக்குக் குறையாமலும் 270 நாட்களுக்கு மேற்படாமலும் குடியிருப்போருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

ஐந்து மாத அவகாசத்தில் முதியவரும் கூலித் தொழிலாளியும் எங்கே செல்வர்? வெள்ளம் வருகிறதென்று பறையறைவது நன்றே. ஆனால் ஏறி நிற்க மேடு இல்லாதவனுக்கு அப்பறையொலியாற் பயன் யாது?

இதனை உணர்ந்த மாநிலங்களும் உள. கலிபோர்னியாச் சட்டம் 3 ஆண்டு, 12 மாதம், 6 மாதம் என மும்முறை அறிவித்தலை வேண்டுகிறது. அதனோடு நில்லாது, குறைந்த வாடகையைத் தொடர்ந்து பேண உறுதிகூறும் அமைப்புகள் அக்கட்டடத்தை விலைக்குக் கேட்கவும் வாய்ப்பளிக்கிறது. மாசச்சூசெட்ஸ் 2009இல் இயற்றிய சட்டமோ, வேறொருவர் கொடுக்க முன்வந்த விலையைத் தாமே கொடுத்து வாங்கும் முதலுரிமையை மாநில அரசுக்கும் அது நியமிப்போருக்கும் வழங்கியுள்ளது.

இது சொத்துரிமையைப் பறிப்பதாகும் என்பர் சிலர். அவ்வாதம் நிலைக்காது. உடைமையாளருக்கு உரிய விலை கிடைக்கிறது. வாங்குவோர் யார் என்பதில் மட்டுமே சட்டம் தலையிடுகிறது. பொதுப் பணத்தைப் பெறும்போது இனித்த கடப்பாடு, விற்கும்போது மட்டும் கசப்பது நியாயமாகாது.

இத்தத்துவம் நமக்கும் புதிதன்று. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், பிறர் வயலை உழுபவனுக்கு உழவுரிமையில் உறுதி தர முனைந்தது. 1973ஆம் ஆண்டின் வீட்டாதன உச்சவரம்புச் சட்டம், உச்சவரம்புக்கு மேற்பட்ட வீடுகளை அவற்றிற் குடியிருந்தோரே வாங்க வழிவகுத்தது.

ஆதலின் நாம் கூறுவது இதுவே: பொதுப் பணம் புகுந்த வீட்டிற்கு, அறிவித்தலும் வாங்கும் முதலுரிமையும் இணைந்தே சட்டத்தில் இடம்பெறுதல் வேண்டும். உரிமையோடு சேராத அறிவித்தல், வெளியேறும் நாளைக் குறித்துக் கொடுக்கும் கடிதமேயன்றி வேறில்லை.