ரிக் பெரிதா? கேபிள் பெரிதா?

திருச்செங்கோட்டுப் பக்கம் போய் "ரிக்" என்று சொன்னால் யாருக்கும் ரேடியோ நினைவுக்கு வராது. இந்தியா முழுக்கப் போய் போர் போட்டுக் கொடுக்கும் அந்தப் பெரிய லாரிதான் நினைவுக்கு வரும். ஹாம் ரேடியோக்காரர்களோ தங்கள் டிரான்ஸ்சீவரை ரிக் என்று அழைக்கிறார்கள். பேரில் மட்டும்தான் ஒற்றுமை என்று நினைக்க வேண்டாம். போர் போட்டவர் அடுத்து என்ன செய்கிறார் என்று கவனித்தால், ஹாம் ரேடியோவுக்கு ஒரு பெரிய பாடமே அதில் இருக்கிறது.

ஆயிரம் அடி போரில் சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கும் விவசாயி, கடையில் போய் "ஏதோ ஒரு ஒயர் கொடுங்க" என்று கேட்பதில்லை. மோட்டார் எத்தனை எச்.பி., எத்தனை அடி ஆழம் என்று சொல்லி, அதற்குத் தகுந்த ஸ்கொயர் எம்.எம். கேபிளைத்தான் வாங்குகிறார். நீளம் கூடினால் கனமான ஒயர் வேண்டும், இல்லையென்றால் வோல்டேஜ் வழியிலேயே விழுந்து மோட்டார் காயில் புகைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். எந்தக் கல்லூரியிலும் படித்துத் தெரிந்துகொண்டதல்ல, காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது!

ஆனால் அவர் பையன் பொறியியல் படித்து, தேர்வு எழுதி, ஹாம் லைசென்ஸும் வாங்கியபின் என்ன செய்கிறான்? கையில் இருக்கும் பணத்தை எல்லாம் ரிக்கில் போட்டுவிட்டு, மிச்சம் இருக்கும் சில்லறைக்குக் கிடைக்கிற மெல்லிய கேபிளை வாங்கி மொட்டை மாடிக்கு இழுக்கிறான். பிறகு "சிக்னலே போகலையே" என்று ரிக்கைக் குறை சொல்கிறான். சேலம், நாமக்கல் பகுதியில் புதிதாக ஹாம் நிலையம் அமைக்கும் மாணவர்கள் இந்த வரிசையை மாற்ற வேண்டும். முதலில் அலைவரிசை, அடுத்து நீளம், அதற்குப் பிறகு கேபிள். ரிக் கடைசியில்தான்.

ஏன் இப்படி?

கோஆக்சியல் கேபிள் என்பது எல்லோரும் பார்த்ததுதான். கேபிள் டிவிக்கும் டிடிஎச்சுக்கும் வீட்டுக்குள் வருகிறதே, அதே குடும்பம். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி பிளாஸ்டிக், அதன்மேல் பின்னல் வலை, எல்லாவற்றுக்கும் மேல் உறை. ரேடியோ அலை கம்பிக்கும் வலைக்கும் இடையில் பயணம் செய்கிறது. போகும் வழியில் கொஞ்சம் சூடாக மாறித் தொலைந்துபோகிறது. அந்த இழப்பை டெசிபலில் அளக்கிறார்கள். 3 டெசிபல் என்றால் பாதி பவர் போயிற்று. 6 டெசிபல் என்றால் கால் பங்குதான் மிஞ்சும்.

முக்கியமான விஷயம், இந்த இழப்பு அலைவரிசை கூடக் கூட அதிகமாகிறது. ஒரே கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் நல்ல பிள்ளையாக இருக்கும், 145 மெகாஹெர்ட்ஸில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும்.

ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழ்த்தளத்தில் ரேடியோ அறை. இரண்டு மாடிக்கு மேல் தண்ணீர்த் தொட்டி, அதில் கட்டிய கம்பத்தில் ஆன்டெனா. சுற்றி வளைத்துப் போனால் 30 மீட்டர் கேபிள் ஆகிவிடும். ரிக் 5 வாட். 145 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது சுமாராக இவ்வளவுதான்:

ஆர்ஜி-58 (மெல்லியது): 6 டெசிபல் இழப்பு, சேருவது 1.25 வாட்
ஆர்ஜி-213 (விரல் கனம்): 2.5 டெசிபல் இழப்பு, சேருவது 2.8 வாட்
எல்எம்ஆர்-400: 1.5 டெசிபல் இழப்பு, சேருவது 3.5 வாட்

அதாவது ஆர்ஜி-58 போட்டவர் 5 வாட் ரிக்குக்குக் காசு கொடுத்து 1.25 வாட் ரிக்கை ஓட்டிக்கொண்டிருக்கிறார். 435 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் இன்னும் மோசம். அதே 30 மீட்டரில் 10 டெசிபலுக்கு மேல் போய்விடும். பத்தில் ஒரு பங்குகூட மேலே ஏறாது.

"அப்படியென்றால் 25 வாட் ரிக் வாங்கிவிட்டால் போகிறது" என்று சிலர் சொல்வார்கள். இங்கேதான் தப்பு. பவரைக் கூட்டினால் பேசுவது மட்டும்தான் எடுபடும், கேட்பது எடுபடாது. மேலிருந்து கீழே வரும் பலவீனமான சிக்னலும் அதே கேபிள் வழியாகத்தானே வர வேண்டும்? அதிலும் முக்கால் பங்கு போய்விடும். அந்தக் காலத்தில் வீட்டு மாடியில் டிவி ஆன்டெனா வைத்திருந்தவர்கள் பூஸ்டரை டிவிக்குப் பக்கத்தில் வைக்காமல் கம்பத்தின் உச்சியில் கட்டியது இதற்காகத்தான். வழியில் தொலைந்ததைக் கீழே பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

எல்லோருக்கும் கனமான கேபிளா?

இல்லை. இதையும் சொல்லியாக வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸில் மட்டும் பேசுகிறவருக்கு அதே 30 மீட்டர் ஆர்ஜி-58இல் ஒரு டெசிபல் சொச்சம்தான் இழப்பு. எதிர்முனையில் கேட்பவருக்கு அந்த வித்தியாசம் காதில் படாது. கேட்கும்போதும், அந்த அலைவரிசையில் வானத்து இரைச்சலே அதிகம் என்பதால் சிக்னலும் இரைச்சலும் ஒன்றாகவே குறைகின்றன, நஷ்டம் தெரியாது. அவரைப் பிடித்து எல்எம்ஆர்-400 வாங்கச் சொல்வது மாடிப்படிக்கு லிஃப்ட் வைத்த கதை. அந்தப் பணத்தில் இன்னும் உயரமான கம்பம் நடலாம். இழப்பே இல்லாத கேபிள் என்று ஒன்று கிடையாது. வேலைக்குத் தகுந்த கேபிள் என்றுதான் உண்டு.

மீட்டர் சொல்லும் பொய்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் கருவி அது. 1.5 காட்டினால் "சூப்பர்" என்று சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் 6 டெசிபல் விழுங்கும் கேபிளில், மேலே ஆன்டெனாவையே கழற்றிவிட்டாலும் கீழே மீட்டர் கிட்டத்தட்ட 1.7தான் காட்டும். போகும்போது 6, திரும்பும்போது 6 என்று 12 டெசிபல் கேபிளிலேயே கரைந்துவிடுவதால், திரும்பி வந்தது மீட்டருக்குத் தெரிவதே இல்லை. கேபிள் எவ்வளவு மோசமோ, மீட்டர் அவ்வளவு அழகாகக் காட்டும்! சோதிக்க வேண்டுமானால் மீட்டரை ஆன்டெனா அடியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பக்கத்துத் தெருவிலேயே ஒரு வழி

ஆர்ஜி-213உம் எல்எம்ஆர்-400உம் மாணவர்கள் கைக்கு எட்டும் விலையில் இல்லை என்பது உண்மை. ஆனால் டிடிஎச் வேலை பார்க்கும் எந்தக் கடையிலும் ஆர்ஜி-6 கிடைக்கிறது. கேபிள் டிவிக்காரர்கள் தெருவில் இழுக்கும் கனமான ஆர்ஜி-11உம் தேடினால் கிடைக்கும். நல்ல ஆர்ஜி-6 கேபிளின் இழப்பு 145 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஆர்ஜி-213 அளவுதான். ஆர்ஜி-11 அதைவிடவும் மேல்.

"அது 75 ஓம் ஆயிற்றே, ரிக் 50 ஓம் அல்லவா" என்று பெரியவர்கள் தலையை ஆட்டுவார்கள். 75க்கும் 50க்கும் உள்ள பொருத்தமின்மையால் திரும்பும் பவர் 4 சதவீதம்தான். சாதாரண டைபோல் ஆன்டெனாவே 73 ஓம் அளவில் இருப்பதால் 75 ஓம் கேபிள் அதற்குச் சரியான ஜோடி. 50 ஓம் ஆன்டெனாவுடன் சேர்த்தால், நீளத்தைப் பொறுத்து ரிக் பக்கம் எஸ்.டபிள்யூ.ஆர். 2ஐ எட்டலாம். 4 சதவீதத்துக்குப் பயந்து 75 சதவீதத்தை இழப்பது என்ன கணக்கு?

குறைகளும் உண்டு. ஆர்ஜி-6இன் வலை பெரும்பாலும் அலுமினியம், ஈயப்பற்று பிடிக்காது. அதற்கென்று இருக்கும் எஃப் கனெக்டரை அழுத்திப் பொருத்தி, மாற்றி ஒன்று போட வேண்டும். நடுக்கம்பி பல கேபிள்களில் செம்பு பூசிய இரும்பு. 145 மெகாஹெர்ட்ஸில் மின்சாரம் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால் அது பாதகமில்லை. 3.5 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ் அலைவரிசைகளில் பூச்சு மெல்லியதாக இருந்தால் இழப்பு கூடும்.

வெயிலும் மழையும்

சேலத்து வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சித்திரையில் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. அங்கேதான் கேபிள் வருடம் முழுக்கக் கிடக்கிறது. வெயிலுக்கென்று செய்யாத உறை சில வருடங்களில் வெடிப்பு விடும். அதன்பிறகு ஒரு கோடை மழை போதும். தண்ணீர் பின்னல் வலைக்குள் திரி போல ஊறி ஏறி, செம்பு கறுத்துப்போகும். வெளியில் பார்த்தால் கேபிள் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே போய்விட்டிருக்கும்.

எனவே வெளியில் போடுவதற்கென்று செய்த கறுப்பு உறைக் கேபிள்தான் வேண்டும். கனெக்டரின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்ற வேண்டும். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஃபோம் வைத்த கேபிளை வெயிலில் இறுக்கி மடித்தால் நடுக்கம்பி ஒரு பக்கமாக நகர்ந்துவிடும் என்பதால் பெரிய வளைவாகத்தான் விட வேண்டும். இடி மின்னல் காலத்தில் கேபிளை ரிக்கிலிருந்து கழற்றி வைப்பது நல்லது. இதற்கெல்லாம் செலவு மிகக் குறைவு, பொறுமைதான் அதிகம் வேண்டும்.

ஒரு நியாயமான கேள்வி

"ஏற்காடு மலை கண்ணுக்கு நேரே தெரிகிறது, அங்கே ஒரு ரிப்பீட்டர் இருந்தால் ஒரு வாட்டே போதுமே, எதற்கு இவ்வளவு கவலை?" என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் நகரம் 280 மீட்டர் அளவில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து ரேடியோ அலை தடையில்லாமல் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் எட்டும். நேரே மலை தெரியும் வீட்டுக்காரருக்கு ஆர்ஜி-58உம் ஓடும்.

ஆனால் எல்லோருக்கும் மலை தெரிவதில்லை. ராசிபுரத்துக்கு வடக்கே போதமலை நிற்கிறது. சேலத்தைச் சுற்றி ஜருகுமலை, கஞ்சமலை, நகரமலை. மலை மறைவில் இருப்பவருக்கு வந்து சேரும் சிக்னல் விளிம்பில் இருக்கும். அந்த விளிம்பில் 4 டெசிபல் என்பது பேச்சு புரிவதற்கும் வெறும் இரைச்சல் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்.

அதோடு, ஹாம் ரேடியோ ஊர்க்கதை பேச மட்டும் இருப்பதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, ஹாம் பயணமாக அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பியது ஹாம் வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சி. கடல் இல்லாத நாமக்கல் மாவட்டத்துக்கும் ஆபத்து வராமல் இல்லை. 2018 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து இரண்டு லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் திறக்கப்பட்டபோது குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் காவிரி புகுந்தது. அப்படி ஒரு நாளில் கரண்ட் இருக்காது, மொபைல் டவரும் நின்றுபோகலாம். ரிக் பேட்டரியில் 5 வாட்டில்தான் ஓடும். பவரைக் கூட்ட வழியில்லை. அந்த ஐந்தில் எத்தனை வாட் ஆன்டெனாவுக்குப் போக வேண்டும் என்பது கேபிள் வாங்கிய அன்றே முடிவாகிவிட்டது. கொட்டும் மழையில் மாடி ஏறி அதை மாற்ற முடியாது.

ரிக்கை அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம், நண்பரிடம் இரவல்கூட வாங்கலாம். சுவரில் அடித்து மாடி ஏற்றிய கேபிளை யாரும் லேசில் மாற்றுவதில்லை. எனவே புதிதாக லைசென்ஸ் வாங்கிய மாணவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது ரிக் விலைப் பட்டியலை அல்ல, அளக்கும் டேப்பை. அறையிலிருந்து ஆன்டெனா வரை எத்தனை மீட்டர், எந்த அலைவரிசை என்று ஒரு தாளில் எழுதிவிட்டுக் கடைக்குப் போகட்டும்.

போரில் மோட்டார் இறக்கும்போது அப்பா அதைத்தான் செய்கிறார்.