பதிமூணாம் மாசம் யார் பொறுப்புங்க?

"வாரண்டி முடிஞ்சிருச்சுங்களே, நாங்க என்ன பண்ண முடியும்?"

இந்த ஒரு வரியை வெச்சுக்கிட்டுத்தான் லேப்டாப் விக்கிற கம்பெனிக நம்மளை வாசலோட அனுப்பிடறாங்க. பட்டணத்துல இருக்கிற நீங்களும் இதைக் கேட்டிருப்பீங்க. கேட்டுட்டு, தலையை ஆட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்து புதுசா ஒண்ணு ஆர்டர் போட்டிருப்பீங்க. நீங்க அப்படித் தலையாட்டறதுனாலதான் எங்க தலையிலயும் தைரியமா மொளகா அரைக்கிறாங்க. கோவிச்சுக்காதீங்க, மனசுல பட்டதைச் சொல்றேன்.

நடந்தது இதுதானுங்க. எம்பட பொண்ணு காலேஜ்ல கடைசி வருஷம். போன வருஷம் 42,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினோம். கெழங்கு வித்த காசு பாதி, எருமை வித்த காசு பாதி. வாரண்டி முடிஞ்சு பத்தொம்பதாம் நாள் ராத்திரி அணைஞ்சது, அப்புறம் உயிர் வரல. புள்ள பிராஜெக்ட் முழுக்க அதுக்குள்ள. சேலத்துல சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கம்பெனி பேரைச் சொல்லப் போறதில்ல, எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டைதான். "மதர்போர்டு போயிருச்சு, மாத்தணும், 19,500 ஆகும்"னாங்க. எதனால போச்சுன்னு கேட்டேன். அதெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க, போர்டை அப்படியே மாத்துவோம்னாங்க.

அங்கிருந்து ஈரோட்டுல சிப் லெவல் சர்வீஸ் பண்ற ஒரு தம்பிகிட்டப் போனோம். இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது. போர்டைக் கழட்டி, கரண்ட் வர்ற லைன்ல மீட்டரை வெச்சுப் பாத்துட்டு, "ஷார்ட் ஆயிருக்குங்கண்ணா"ன்னான். அப்புறம் ஸ்பிரிட் மாதிரி ஒண்ணை போர்டு மேல தடவி, கொஞ்சமா கரண்ட் விட்டான். ஒரே ஒரு எடத்துல மட்டும் ஸ்பிரிட் சட்டுனு காஞ்சுது. சூடு அங்கதான், கோளாறும் அங்கதான். சொட்டுநீர்க் குழாயில எங்க ஓட்டைன்னு ஈரத்தை வெச்சு நாங்க கண்டுபுடிக்கிறோம், அவன் காய்ச்சலை வெச்சுக் கண்டுபுடிச்சான். எள்ளு அளவு கெபாசிட்டர் ஒண்ணு. அதை எடுத்துட்டு வேற வெச்சான். ஓடுச்சு. கூலியோட சேத்து 1,800 ரூபாய்.

19,500 எங்க, 1,800 எங்க? இதுல இன்னொரு விஷயம். அந்தத் தம்பி பாத்துப் பாத்து வேலை செஞ்ச சர்க்யூட் படத்தைக் கம்பெனி யாருக்கும் குடுக்கறதில்லையாம். எங்கியோ எப்படியோ வெளிய கசிஞ்சதை இணையத்துல புடிச்சு வெச்சிருக்கான். நான் காசு குடுத்து வாங்குன பொருளை ரிப்பேர் பண்றவன் திருட்டுத்தனமாப் படம் பாக்க வேண்டியிருக்கு. இது எந்த ஊரு நியாயமுங்க?

எங்க பக்கம் வந்து பாருங்க. சங்ககிரி லாரிக்குப் பேர்போன ஊரு. இருபது வருஷம் ஓடுன வண்டியையும் பட்டறையில ஏத்தி, எஞ்சினை எறக்கி, தேஞ்சதை மட்டும் மாத்தி மறுபடியும் ரோட்டுல உடுவாங்க. போர் மோட்டார் காயில் போச்சுன்னா கட்டறதுக்கு ஆள் இருக்கு. யாரும் மோட்டாரையே தூக்கிப் போடுன்னு சொல்றதில்ல. எல்லா ஸ்பேரும் கடையில கெடைக்கும், எப்படிக் கழட்டறதுன்னு பட்டறைப் பையனுக்கும் தெரியும். லேப்டாப்புல மட்டும் ராமையும் போர்டோட பத்த வெச்சு, பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி, ஒண்ணு போனா எல்லாம் போகட்டும்னு செஞ்சு வெச்சிருக்காங்க.

கம்பெனிக்காரன் சரியா முந்நூத்தி அறுபத்தாறாம் நாள் கெட்டுப்போற மாதிரி உள்ளுக்குள்ள கடிகாரம் வெச்சிருக்கான்னு சில பேர் சொல்றாங்க. நான் அப்படிச் சொல்லமாட்டேன். நாலு வருஷம் ஓடுறதைப் பத்தி யாரும் பேசறதில்ல, பதிமூணாம் மாசம் நின்னதைத்தான் ஊரே பேசும். ஆனா கூடிப் பேசி ஆயுசைக் குறைச்ச கதையும் நடந்ததுதான். 1924-ல பெரிய பல்பு கம்பெனிக எல்லாம் ஜெனிவாவுல ஒண்ணுகூடி, பல்பு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல எரியக் கூடாதுன்னு பேசி முடிச்சு, மீறுன கம்பெனிக்கு அபராதமும் போட்டாங்க. லேப்டாப்புல அப்படிச் சதி தேவையே இல்லீங்க. மலிவான உதிரிபாகத்தைப் போட்டுட்டு, பொறுப்பு ஒரு வருஷத்தோட முடியுதுன்னு அட்டையில எழுதிக்கிட்டாப் போதும். மிச்சத்தைச் சூடு பாத்துக்கும்.

2008-ல என்விடியாவோட கதை அப்படித்தான். அவங்க செஞ்ச கிராபிக்ஸ் சிப்பு, சூடாகிச் சூடாகி ஆறுறதுல பத்துன எடம் விரிசல் உட்டு, உலகம் பூராவும் லேப்டாப் திரை இருண்டு போச்சு. அந்த வருஷம் ஜூலையில, இதுக்காக 15 கோடியில இருந்து 20 கோடி டாலர் வரைக்கும் ஒதுக்கறோம்னு அவங்களே அறிவிச்சாங்க. லேப்டாப் கம்பெனிகளும் அந்த மாடலுக்கெல்லாம் வாரண்டியை நீட்டிச்சாங்க. அமெரிக்காவுல ஜனங்க கூட்டா வழக்குப் போட்டு, 2010-ல சமரசத்துக்கு வர வெச்சாங்க. அப்போ வாரண்டித் தேதிங்கிறது கல்லுல செதுக்குனது இல்ல, கேக்கற ஆள் இருந்தா நகரும்.

"ஒரு வருஷம்னு தெரிஞ்சுதானே வாங்குனீங்க?"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. எங்க கெழங்கைச் சேகோ பேக்டரியில மாவுப் பாயிண்ட் பாத்துத்தான் எடுப்பாங்க. பாயிண்ட் குறைஞ்சா அங்கயே வெலையை வெட்டுவாங்க. பால் ஊத்தப் போனாக் கொழுப்பு கொறைஞ்சதுக்குக் காசைப் புடிப்பாங்க. சந்தையில மாடு வித்தா, சொன்ன பால் கறக்கலேன்னு மறுநாளே வீட்டு வாசல்ல கொண்டாந்து கட்டிட்டுப் போறவன் இருக்கான். நாங்க விக்கிற பொருளுக்கு இத்தனை கண்டிஷன். 42,000 ரூபாய் வாங்குனவனுக்கு மட்டும் காலண்டரைக் கிழிச்சதோட கடமை முடிஞ்சுதுங்களா?

அப்புறம் அந்த எக்ஸ்டென்டட் வாரண்டி. இன்னும் 3,500 கட்டுங்க, ரெண்டு வருஷம் கூடக் குடுக்கறோம்ங்கிறாங்க. பொருள் மூணு வருஷம் நிக்கும்னு அவங்களுக்கே நம்பிக்கை இருந்தா அதைச் சும்மாவே குடுக்கலாம். நம்பிக்கை இல்லேன்னா அந்தப் பொருளை என்ன தைரியத்துல விக்கறாங்க?

ஐரோப்பாவுல 1999-லயே சட்டம் போட்டு, விக்கிற பொருளுக்குக் குறைஞ்சது ரெண்டு வருஷம் விக்கிறவன் பொறுப்புன்னு வெச்சுட்டாங்க. அமெரிக்காவுல எங்களை மாதிரி விவசாயிகதான் முன்னால நின்னாங்க. டிராக்டருக்குள்ள இருக்கிற சாப்ட்வேரைப் பூட்டி வெச்சு, கம்பெனி ஆளு வந்தாத்தான் ரிப்பேர்னு ஜான் டியர் பண்ணதை எதிர்த்துப் பல வருஷம் சண்டை. 2023-ல கொலராடோ மாநிலம், விவசாய எந்திரத்தை ரிப்பேர் பண்றதுக்கான கருவியும் விவரமும் உடைமைக்காரனுக்குக் குடுத்தே ஆகணும்னு சட்டம் போட்டுச்சு. நம்ம நாட்டுல 2022 ஜூலையில மத்திய அரசு நுகர்வோர் துறை இதுக்குன்னு ஒரு கமிட்டி போட்டுச்சு, டிசம்பர்ல ஒரு இணையதளமும் தொறந்தாங்க. தனிச் சட்டம் வரல. இணையதளத்துல போய்ப் பாத்தா கம்பெனியோட சர்வீஸ் சென்டர் நம்பர் கெடைக்குது. அந்த நம்பரைத்தானுங்க நான் ஏற்கனவே கூப்புட்டது!

ஆனா இருக்கிற சட்டத்தையே நாம தொடறதில்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில இருந்து நடப்புல இருக்கு. அதுல குறைபாடுங்கிறதுக்குச் சொல்ற விளக்கத்துல, எழுத்துல இருக்கிற உறுதி மட்டுமில்ல, எழுதாம உணர்த்துற உறுதியும் அடக்கம். லேப்டாப்னு விக்கிறப்பவே அது ஓரளவு காலம் ஒழைக்கும்னு சொல்லித்தானே விக்கறாங்க? வாரண்டி அட்டை முடிஞ்சா வழக்கே முடிஞ்சுதுன்னு அந்தச் சட்டம் சொல்லல. பிரச்சினை எழுந்து ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் குடுக்கலாம். கம்பெனி பெங்களூர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே குடுக்கலாம், அது இந்தச் சட்டத்துல புதுசா வந்த வசதி. பொருள் அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் இல்ல. வக்கீல் வெச்சே ஆகணும்னும் இல்ல. ஜெயிச்சே தீருவோம்னு நான் சொல்லல. கேக்காதவனுக்கு ஒண்ணும் கெடைக்காதுங்கிறது மட்டும் நிச்சயம்.

நான் 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிஞ்சேன். பத்து நாள்ல கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு ரொம்ப மரியாதையாப் பேசுச்சு. "நல்லெண்ண அடிப்படையில போர்டு வெலையில 30 சதவீதம் தள்ளுபடி பண்றோங்கய்யா"ன்னுச்சு. அவங்களோட நல்லெண்ணம் எனக்கு வேண்டாமுங்க.

ஒண்ணு யோசிங்க. 2011 செப்டம்பர்ல விலையில்லா லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சப்போ, எங்க ஊருப் பக்கம் பல வீட்டுல அதுதான் மொதல் கம்ப்யூட்டர். பேட்டரி செத்து, ஸ்பேர் கெடைக்காம அதுல எத்தனையோ இன்னிக்கும் பரண்ல கெடக்குது. 2025 பட்ஜெட்டுல மறுபடியும் காலேஜ் புள்ளைக 20 லட்சம் பேருக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ குடுக்கப் போறதா அறிவிச்சாங்க. நான் ஒருத்தன் ஒரு லேப்டாப்புக்கு சண்டை போட்டா கம்பெனி சிரிக்கும். 20 லட்சம் வாங்கற கை டெண்டர்லயே எழுதலாமே: ஏழு வருஷம் ஸ்பேர் கெடைக்கணும், பேட்டரி ஸ்குரூ போட்டுக் கழட்டற மாதிரி இருக்கணும், சர்க்யூட் படத்தை எல்லா ரிப்பேர் கடைக்கும் குடுக்கணும்னு. அப்படி ஒரு வாட்டி எழுதிட்டா, கடையில வாங்கற உங்களுக்கும் அதே மாதிரி மாடல் வர்றதுக்கு வழி பொறக்கும். உங்க எம்எல்ஏகிட்ட, நீங்க எழுதற பத்திரிகையில, ஆபீஸ்ல லேப்டாப் வாங்கற அதிகாரிகிட்ட இதைக் கேளுங்க. எங்களைவிட உங்க பேச்சுக்குத்தான் அங்க காது குடுப்பாங்க.

அதுவரைக்கும், உங்க லேப்டாப் வாரண்டி முடிஞ்சு நின்னுச்சுன்னா சர்வீஸ் சென்டர்ல வாயால சொல்றதைக் கேட்டுட்டு வந்துராதீங்க. எது போச்சு, எவ்வளவு ஆகும், ஏன் இலவசமா செய்யமாட்டோம்ங்கிறதை எழுத்துல வாங்குங்க. வெளிய சிப் லெவல் கடையில ரிப்பேர் பண்ணா, என்ன பாகம் மாத்துனாங்கன்னு பில்லுல எழுதச் சொல்லுங்க, பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வெச்சுக்குங்க.

அந்த எள்ளு அளவு கெபாசிட்டரை ஒரு காயிதத்துல மடிச்சு வெச்சிருக்கேன். சேலம் மாவட்ட ஆணையத்துக்கு மனு எழுதியாச்சு. 1,800 ரூபாயும், நாலு நாள் அலைஞ்ச பஸ் செலவும் கேட்டிருக்கேன். கூடவே அந்த சர்க்யூட் படத்தையும் கேட்டிருக்கேன். திங்கக்கெழமை கொண்டுபோய்க் குடுக்கறேன்.