மணற்குழியும் மெத்தையும்

கண்டி மாணாக்கருக்கு டங்கன் வைற்றின் பெயரை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. திரித்துவக் கல்லூரியிற் பயின்ற அவர், 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். அதற்குப் பத்தாண்டுகளின் பின், 1958இல், டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தை ஈட்டித் தந்தவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். இவர் பெயரோ நம் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கே புதிதாயிருக்கிறது!

அவர் தாண்டியது 2.03 மீற்றர். கியூபா வீரர் சொட்டோமேயர் 1993இல் 2.45 மீற்றர் பாய்ந்திருக்க, இஃது என்ன பெரிய உயரம் என்று மாணவன் ஒருவன் வினவினான். வினா தவறன்று, ஒப்பீடுதான் பொருந்தாது. இக்கால வீரர் சட்டத்தின்மேல் முதுகை வளைத்துச் சென்று, தடித்த மெத்தையில் முதுகுபட வீழ்கின்றனர். அமெரிக்கரான பொஸ்பரி 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அம்முறையாற் தங்கம் வென்ற பின்னரே அது உலகெங்கும் பரவியது. அதற்கு முன்னரோ, பெரும்பாலும் மணலோ மரத்தூளோ நிரப்பிய குழிதான். அதிற் பிடரிபட வீழ்ந்தால் கழுத்து என்னாவது? ஆதலால், தாண்டும்போதே கையுங் காலும் ஊன்றி இறங்கும் வழியையும் வீரர் எண்ணியாக வேண்டும்.

2.03 மீற்றர் என்பது ஏறத்தாழ ஆறடி எட்டங்குலம். உங்கள் வீட்டு வாயில்நிலையின் மேற்சட்டத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். பல வீடுகளில் அஃது அவ்வளவு உயரந்தான்.