கல்லுக்கு ஐம்பது மீட்டர், கண்மணிக்கு?

இரவு மணி பத்து. சட்டப் புத்தகத்தில் அந்த நொடியில்தான் இரவு பிறக்கிறது! ஒலி மாசு குறித்து நடுவண் அரசு 2000-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள், இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை என்று வரையறுத்துள்ளன. அந்த எட்டு மணி நேரமும் குடியிருப்புப் பகுதியில் ஓசை 45 டெசிபலைத் தாண்டலாகாது. தெருவில் ஒலிபெருக்கி வாய் திறக்கலாகாது. நல்ல விதி. உழைப்பவன் உறங்கவேண்டும், உறங்கினால்தான் மறுநாள் உழைக்க முடியும் என்பதை உணர்ந்தோர் எழுதிய விதி.

அதே பத்து மணியைத்தான் மதுக்கடை மூடும் நேரமாகவும் வைத்தார்கள். மூடினால் என்ன நடக்கும்? உள்ளே இருந்தோர் எல்லாம் வெளியே வருவர். ஒருவன் பாடுவான், ஒருவன் அழுவான், ஒருவன் பத்தாண்டுக்கு முந்தைய பங்காளிச் சண்டையை மீண்டும் தொடங்குவான். பாட்டில் உடையும், நாய் குரைக்கும், இருசக்கர வண்டிகள் உறுமும். சட்டத்தின் இரவு எப்போது தொடங்குகிறதோ, அப்போதுதான் தெருவின் ஆரவாரமும் தொடங்குகிறது! இரண்டு விதிகளையும் எழுதியோர் ஒரு நாளாவது ஒரே மேசையில் அமர்ந்து பேசியிருப்பார்களா?

தோழர்களே! இது ஏட்டைப் புரட்டி எழுந்த கோபமன்று. நான் திண்டிவனத்தை அடுத்த ஓர் ஊரில் ஆசிரியன். வீடு விழுப்புரத்தில். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நிலையங்களை எண்ணியபடி நாள்தோறும் தொடர்வண்டியில் சென்று வருபவன். என் வகுப்பில் ஒரு பெண். பத்தாம் வகுப்பு. அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தொட்ட முதல் பிள்ளை அவள்தான். காலை முதல் பாடவேளையில் நாள் தவறாமல் உறங்கிப்போவாள். ஒரு நாள் பொறுமையிழந்து கடிந்துகொண்டேன். எழுந்து நின்றாள்; வாய் திறக்கவில்லை. பக்கத்திலிருந்த தோழிதான் சொன்னாள்: "அவங்க வீட்டுக்கு எதிர்லதான் சார் கடை. காதுல பஞ்சு வச்சிக்கிட்டுத்தான் படிக்கிறா."

விசாரித்தேன். அந்தத் தெருக்குழாயில் இரவில்தான் தண்ணீர் வரும். குடத்தை எடுத்துக்கொண்டு தாயும் மகளும் குடிகாரர் கூட்டத்தைக் கடந்துதான் போகவேண்டும். தாய் விடியற்காலை ஐந்து மணிக்கு நடவுக்குப் போகிறவள். பதினொன்றரைக்குத்தான் தெரு அடங்குமாம். மறுநாள் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பு அவளுக்கு உறக்கத்தைத் தராது என்பதையும் அறிந்தே கேட்டேன்.

பிறகு, சட்டம் என்னதான் சொல்கிறது என்று தேடினேன். மது சில்லறை விற்பனையைத் தமிழ்நாடு அரசின் டாஸ்மாக் நிறுவனம் தன் கைக்கு எடுத்துக்கொண்ட 2003-ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டன. மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் வழிபாட்டு இடத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் 50 மீட்டர், பிற ஊர்களில் 100 மீட்டர். அதற்குள் கடை கூடாது. வணிகப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடமானால் அதுவும் பொருந்தாது. சரி, வீட்டிலிருந்து எத்தனை மீட்டர்? தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு மீட்டர்கூட இல்லை!

எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடம் மாலையில் பூட்டப்படுகிறது. கோயிலில் அர்த்தசாமப் பூசை முடிந்து நடை சாத்தப்படுகிறது. கடையில் கூட்டம் நெரிகிற அந்த வேளையில் பள்ளியில் பிள்ளையும் இல்லை, கோயிலில் பக்தரும் இல்லை. உள்ளே இருப்பது பலகையும் படிமமும்தான். இரவில் ஆளற்றுக் கிடக்கும் இரண்டு இடங்களுக்கு வேலி போட்ட சட்டம், இரவில் ஆள் உறங்கும் ஒரே இடமான வீட்டை மறந்துவிட்டது. காதில்லாத கல்லுக்கு ஐம்பது மீட்டர் அமைதி. காதில் பஞ்சடைத்துக்கொண்டு படிக்கும் கண்மணிக்குச் சுழி! இதைக் கேட்கப் பகுத்தறிவாளனுக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு உண்டு?

இன்னொரு கணக்கும் உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்தில் மாள்வோரைக் காக்க வந்த தீர்ப்பு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் சாலையை விட்டு விலகிய கடை வானத்திலா தொங்கும்? சென்னைக்கும் புதுவைக்கும் திருவண்ணாமலைக்கும் விழுப்புரத்துக்கும் சாலை பிரியும் திண்டிவனம் போன்ற ஊர்களைச் சுற்றி அதற்கு வேறு போக்கிடம் ஏது? ஊருக்குள்தான்! 2017-இல் தமிழகமெங்கும் பெண்கள் வெகுண்டெழுந்து கடை வாயிலில் அமர்ந்தது இதனால்தான். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த ஒரு பெண்ணைக் காவல் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. பின்னர் அந்தத் தூரம் தளர்த்தப்பட்டது. எனினும் பாடம் ஒன்று எஞ்சியது: காரில் விரைபவனுக்கு 500 மீட்டர், கடவுளுக்கு 50 மீட்டர், குடிசையில் படுத்திருப்பவளுக்கு ஒன்றுமில்லை.

அரசு எதுவுமே செய்யவில்லையா என்பீர்கள். செய்தது. 2016 மே மாதத்தில் கடை திறக்கும் நேரத்தைக் காலை பத்திலிருந்து பகல் பன்னிரண்டுக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளை மூடினார்கள்; 2023 ஜூன் 22 அன்று மேலும் 500 கடைகள். வரவேற்கிறோம். ஆனால் காலையில் இரண்டு மணி நேரத்தைக் குறைத்த கை, இரவில் அரை மணியைக்கூடத் தொடவில்லையே! தெரு தூங்காத நேரத்தில் கடையைத் தூங்கவைத்தார்கள். தெரு தூங்கவேண்டிய நேரத்தில் கடையை விழிக்கவைத்தார்கள். நோய் தலையில், பற்று காலில்!

மறுப்புரைப்போர் இருவகையினர். முதலாமவர், "நேரத்தைக் குறைத்தால் கள்ளச் சாராயம் பெருகும்" என்பார். எங்கள் மாவட்டத்துக்கு யாரும் அதைக் கற்பிக்கத் தேவையில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்குப் பலியானவர்களின் வீடுகள் எங்களுக்கு அடுத்த ஊர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதுவும் 2019 வரை எங்கள் மாவட்டமே. ஆனால் ஐயா, அந்த இரண்டு சாவும் நிகழ்ந்தபோது கடைகள் இரவு பத்து வரை திறந்துதானே இருந்தன? சாராயம் காய்ச்சுபவனுக்குத் துணை நின்றவை வறுமையும், கண்ணை மூடிக்கொண்ட அதிகாரமும். எட்டு மணிக்குக் கடை மூடியதால் அவர்கள் சாகவில்லை.

இரண்டாமவர் ஒழுக்கவாதி. "குடியே பாவம், கடையே கூடாது" என்பார். பாவம் என்ற சொல்லுக்கு நம் அகராதியில் இடமில்லை. 1921-இல் பெரியார் தம் தென்னை மரங்களை வெட்டி வீழ்த்தியதும், கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்நின்றதும் நம் வரலாறு. அதே பெரியார் பிற்காலத்தில் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்ததும் நம் வரலாறே. சேலத்தில் 1937-இல் தொடங்கிய மதுவிலக்கு, 1971-இல் தளர்ந்து, 1974-இல் திரும்பி, 1981-இல் மீண்டும் விலகிய கதையை நாடு அறியும். அந்த வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. நாள் முழுதும் மூட்டை சுமந்தவன் மாலையில் ஒரு கோப்பை குடித்தால் அவனை இழிந்தவன் என்று நான் சொல்லமாட்டேன். அவன் உரிமை அவன் தொண்டையோடு முடிகிறது. அடுத்த வீட்டுக்காரியின் செவி தொடங்கும் இடத்தில் அவள் உரிமை தொடங்குகிறது. ஓசையின்றி வாழ்வதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமே உரைத்துவிட்டது.

"நடக்கிற காரியமா?" என்று கேட்போர் உலகைச் சற்றுப் பார்க்கட்டும். சுவீடனில் மது விற்பது அரசு நிறுவனந்தான், நம்மைப்போலவே. அங்கே அக்கடைகள் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கே மூடப்படும். ஞாயிறு திறப்பதே இல்லை. அரசு கவிழ்ந்துவிட்டதா? இங்கிலாந்திலே 2003-ஆம் ஆண்டுச் சட்டம், மதுக்கூடத்துக்கு உரிமம் தரும்போது கருதவேண்டிய நான்கு நோக்கங்களுள் ஒன்றாகப் பொதுமக்களுக்குத் தொல்லை நேராமல் தடுப்பதை வைத்தது. அண்டை வீட்டான் எழுந்து, "என் உறக்கம் கெடுகிறது, உரிமத்தை மறுஆய்வு செய்" என்று கேட்கலாம். உள்ளாட்சி மன்றம் விசாரித்து நேரத்தைக் குறைக்கலாம். குடியை அவர்கள் ஒழிக்கவில்லை. குடிப்பவனையும் குடியிருப்பவனையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைத்தார்கள்.

நாம் கேட்பவையும் அத்தகையவையே. தூரத்தை இனி வீட்டு வாயிலிலிருந்தும் அளக்கவேண்டும். வீடுகள் சூழ்ந்த தெருவில் உள்ள கடையும் பாரும் இரவு எட்டு மணிக்கு மூடவேண்டும்; ஊருக்கு வெளியே, சந்தைப் பகுதியில் உள்ளவை பத்து வரை இருக்கட்டும். வேலை முடிந்து வருபவனுக்கும் வழி உண்டு, படிக்கும் பிள்ளைக்கும் வழி உண்டு. குடிப்பவனுக்கு உட்கார இடமும் கழிப்பறையும் வெளிச்சமும் தருவது விற்பவரின் கடமை. தெருவையே கூடமாக்கும் கடைக்குத் தெருவில் இடமில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும், அந்தத் தெருவில் வாழும் பெண்களைக் கூட்டிவைத்து, "கடை இங்கே தொடரலாமா? எத்தனை மணி வரை?" என்று அதிகாரி கேட்கவேண்டும். வந்த வருவாயைக் கணக்கெழுதும் அரசு, போன உறக்கத்தையும் கணக்கெழுதட்டும்!

தோழர்களே! இதைக் கேட்க நமக்குத் தகுதி வேண்டுமானால், நம் கையும் தூய்மையாக இருக்கவேண்டும். ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியுமுன் அலறினால் கொதிக்கிறோம், முறையே. திருமண மண்டபத்தின் வாண வேடிக்கையைக் கடிகிறோம், முறையே. ஆனால் பொதுக்கூட்ட மேடையில் கடைசிப் பேச்சாளர் பத்து மணியைத் தாண்டும்போது நாமே கைதட்டிக்கொண்டிருக்கவில்லையா? எதிர்வீட்டுப் பிள்ளையின் செவிக்குக் குடிகாரன் கூச்சல் வேறு, கொள்கை முழக்கம் வேறு என்று தெரியுமா? பத்து மணி என்றால் பத்து மணிதான். கோயிலுக்கும், கடைக்கும், நமக்கும்!

விழுப்புரம் மாவட்டத்தின் பெயரைப் பல ஆண்டுகள் தேர்வு முடிவுப் பட்டியலின் கடைசி வரிசைகளில் தேடவேண்டியிருந்தது. "அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்றனர் சிலர். தலைவிதி என்றனர் வேறு சிலர். தலைவிதியா? எதிர்வீட்டுக் கதவு எத்தனை மணிக்கு மூடுகிறது என்று எவரேனும் ஒரு நாள் போய்ப் பார்த்ததுண்டா?

நாளைக் காலை முதல் பாடவேளைக்கு நான் வகுப்புக்குள் நுழைவேன். மூன்றாம் வரிசையில் ஒரு தலை மேசைமீது சாய்ந்திருக்கும். அவளை நான் எழுப்பப்போவதில்லை. எழுப்பவேண்டியவர்கள் வேறு இடத்தில் உறங்குகிறார்கள். அவர்களை எழுப்புவோம், வாருங்கள்!